யாரும் இல்லை என்று சொல்லாதவர்

வாசல் பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்துவிட்டு, பின்கதவை ஆவென்று திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போன ஆள் நான். கல்யாணமான புதிது. ஓசூரில் ஃபேக்டரி வேலை கிடைத்து, தொழிற்பேட்டைக்குப் பின்னால் புதிதாக முளைத்த காலனியில் வாடகைக்குக் குடியேறியிருந்தோம். பொங்கலுக்கு மதுரைப் பக்கம் கிளம்பினோம். பஸ் கிருஷ்ணகிரியைத் தாண்டும்போது என் மனைவி கேட்டாள், "பின்கதவைப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் பாத்தாச்சு" என்றேன். பார்த்ததும் உண்மைதான். திறந்திருந்ததைப் பார்த்தேன், காற்று வருகிறதே என்று சந்தோஷப்பட்டேன், பிறகு வாசலுக்கு வந்து பூட்டினேன்.

திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டம்மா காம்பவுண்டுக்கு மேல் எட்டிப் பார்த்து, "உங்க மாமாவுக்குச் சாப்பாடு குடுத்துட்டேன்" என்றாள். எனக்கு ஓசூரில் மாமா கிடையாது. வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால், பின்கதவின் படியில் நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே கேழ்வரகுக் கொல்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வீட்டுக்காரங்களா? பாத்துக்கங்க, எல்லாம் இருக்குதா" என்றார்.

அந்த வழியாகப் போனவர், கதவு காற்றில் அடித்துக்கொள்வதைப் பார்த்து எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே ஆள் இல்லை. ரேடியோ தெரிந்தது, குக்கர் தெரிந்தது. "பாத்ததுக்கு அப்பறம் எப்படி சார் போறது? நான் போயிட்டு, வேற எவனாவது தூக்கிட்டுப் போனா, அந்தப் பக்கம் நடந்த ஆளு யாருன்னுதான் கேப்பாங்க. என்னைத்தான் ரெண்டு மூணு பேரு பாத்திருக்காங்க."

"கதவைச் சாத்திட்டுப் போயிருக்கலாமே, அண்ணே."

"தாழ்ப்பாள் உள்பக்கம்தான இருக்குது. வெளிய நின்னு எப்படிப் போடறது? உள்ள போய்ப் போட்டா நான் வெளிய வர்றது எப்படி? வாசல்லதான் நீங்க நல்லா பூட்டிட்டுப் போயிட்டீங்களே."

டிப்ளமா படித்த நான் போய் அந்தத் தாழ்ப்பாளை ஒரு தடவை போட்டு எடுத்துப் பார்த்தேன். நாங்கள் இல்லாத நாளெல்லாம் அவர் அந்தப் படியில்தான் இருந்திருக்கிறார். உள்ளே ஒரு அடி வைக்கவில்லை. என் மனைவி காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, தான் இங்கே வந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பேரிகை தாண்டி ஒரு ஊர். கொஞ்சம் நிலம், ஒரு வீடு, மனைவி. பிள்ளைகள் இல்லை. ஏதோ சண்டையில் அந்த அம்மா, "நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டாள். கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

"ஓசூர்ல ஒரு டீ குடிச்சிட்டு, நாலு தெரு சுத்திட்டுத் திரும்பிடலாம்னுதான் வந்தன். எப்பவும் அப்படித்தான். அதுக்குள்ள உங்க கதவு."

"அப்ப இன்னிக்கே கிளம்புங்கண்ணே. தேடிக்கிட்டிருப்பாங்க" என்றாள் என் மனைவி.

"போவணும்மா. இன்னிக்குப் போயிட வேண்டியதுதான்."

போகவில்லை. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஃபேக்டரியில் இந்தக் கதையைச் சொன்னேன். என் முட்டாள்தனத்தைச் சொல்லிச் சிரிக்க வைப்பது எனக்கு அப்போதிருந்தே பழக்கம். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் வெல்டிங் செக்‌ஷன் திருநெல்வேலிக்காரர் ஒருவர் மட்டும், "அந்த ஆளு இன்னும் இருக்காரா? எனக்குக் கொழுந்தியா கல்யாணம் இருக்குவே" என்றார்.

அந்தக் காலத்து ஓசூரில் யாருக்கும் ஓசூர் சொந்த ஊரில்லை. காலனியில் பாதிப் பேர் தெற்கே, மீதிப் பேர் சேலம், கோயமுத்தூர், சிலர் ஆந்திரா. பண்டிகை வந்தால் தெருவே பூட்டிக் கிடக்கும். திருடனுக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தால் போதும். ஆகவே அவருக்கு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீடு, அந்த வீட்டிலிருந்து அடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு பாய், ஒரு போர்வை, ஒரு துணிப் பை. அவ்வளவுதான் அவர் சாமான். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எந்த வீட்டில் இருக்கிறாரோ அந்த வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, "அவங்க வீட்ல இருக்கறவரு" என்போம். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அவரே பயன்படுத்தாததை நான் எதற்கு எழுதுவது.

வீட்டைப் பார்த்துக்கொள்வது என்றால் நாங்கள் நினைத்தது வாசலில் ஒரு ஆள் படுத்துக்கொள்வது. அவர் நினைத்தது வேறு. வீட்டில் ஆள் இல்லை என்பதே வெளியில் தெரியக் கூடாது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடுவார். அந்த வீட்டம்மா எப்போது வாசல் தெளிக்கிறாள், எந்தக் கொடியில் எதைக் காயப் போடுகிறாள், ரேடியோவை எத்தனை சத்தத்தில் வைக்கிறாள் என்று பார்த்துக்கொள்வார். முக்கியமாகக் கோலம். ஒவ்வொருத்திக்கும் ஒரு கை உண்டு. தஞ்சாவூர்க்காரி புள்ளி வைத்துச் சுற்றி வளைத்து இழுப்பாள். தெலுங்குக்காரம்மா பட்டை பட்டையாகப் போட்டு ஓரத்தில் செம்மண் அடிப்பாள். என் மனைவி ஒரு நட்சத்திரத்தோடு முடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவர் எல்லாவற்றையும் அப்படியே போடுவார். மீசை வைத்த ஆம்பிளை குனிந்து கோலம் போடுவதைப் பார்த்து முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "கோலம் மாறினா ஆளு மாறிடுச்சுன்னு தெரிஞ்சிடும் சார்" என்றார்.

யாராவது கதவைத் தட்டினால் அவர் ஒருநாளும் "யாரும் இல்லை" என்று சொன்னதில்லை. "சார் குளிக்கறாரு. அம்மா சமையல்ல இருக்காங்க. என்னா விஷயம்?" அவ்வளவுதான். தட்டுகிறவர் கன்னடத்தில் கேட்டால் "ஸ்நானா மாட்தா இத்தாரெ" என்று பதில் வரும். தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் குளிப்பார்கள். சில சமயம் உள்பக்கம் திரும்பி, "அம்மா, பால்காரரு வந்திருக்காரு" என்று குரல் கொடுப்பார். பதில் வந்தது மாதிரி கொஞ்சம் நின்று, "நாளைக்கு வரச் சொல்றாங்க" என்பார்.

ஒரு தடவை நான் சொன்னதற்கு ஒரு நாள் முன்னதாகவே ஊரிலிருந்து தனியாகத் திரும்பினேன். கூட பஸ்ஸில் வந்த ஒருத்தர் தண்ணீர் குடிக்க என்னோடு வந்தார். என் வீட்டு வாசலில் என் மனைவியின் நட்சத்திரம் இருந்தது. கொடியில் என் லுங்கி ஈரமாகத் தொங்கியது. கதவைத் தட்டினேன்.

"சார் குளிக்கறாரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அண்ணே, நான்தான்."

"குளிச்சிட்டு வந்துருவாரு. யாரு வந்திருக்கறதுன்னு சொல்லட்டும்?"

வெளியாள் கூட நிற்கும்போது அவர் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார். என் வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றுகொண்டு, நான் உள்ளே குளித்துக்கொண்டிருக்கும் சேதியைக் கேட்டேன். தண்ணீர் குடிக்க வந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் போனதும்தான் கதவு திறந்தது. சிரித்தேன். ஆனால் உள்ளே நுழையும்போது குளியலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திறந்தது கதவுதான், சாவி வரவில்லை. யார் கையில் சாவி வாங்கினாரோ அந்தக் கையில்தான் திருப்பிக் கொடுப்பார். அதில் சமாதானமே கிடையாது. சாவியைக் கொடுத்தது என் மனைவி. அவள் மறுநாள் சாயங்கால பஸ்ஸில் வந்து கையை நீட்டும் வரை அவர் வீட்டை விட்டுப் போகவில்லை. நான் என் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். "தப்பா நெனைக்காதீங்க சார். குடுத்த கை ஒண்ணு, வாங்கற கை ஒண்ணுன்னு ஆயிட்டா அப்பறம் எவன் வேணா வந்து கேப்பான்" என்றார்.

எந்த வீட்டிலும் கட்டிலில் படுத்ததில்லை. அடுப்பைப் பற்ற வைத்ததில்லை. ஹாலில், கதவை ஒட்டித் தன் பாயை விரித்துக்கொள்வார். கூலி என்று எதுவும் பேசவில்லை. மெஸ்ஸில் அவர் சாப்பாடு எங்கள் பெயரில் இருந்தது. ஊரிலிருந்து வருகிறவர்கள் ஏதாவது கொண்டுவந்து கொடுப்பார்கள். திருநெல்வேலிக்காரர் கருப்பட்டி, தஞ்சாவூர்க்காரர் பித்தளையில் ஒரு குங்குமச் சிமிழ், நாங்கள் ஒரு சுங்குடிச் சேலை. எல்லாம் அந்தத் துணிப் பைக்குள் போகும்.

"வீட்ல அவளுக்கு" என்பார். "இந்த வீடு முடிஞ்சதும் போறன். கையோட குடுத்துடணும்."

"எத்தனை வீடா இதையே சொல்றீங்கண்ணே. அங்க ஒரு வீடு கிடக்குதே" என்று என் மனைவி திட்டுவாள்.

"இவங்க வாய் விட்டுக் கேட்டுட்டாங்கம்மா. எப்படி இல்லேங்கறது? நம்பி ஊருக்கு டிக்கெட் எடுத்துட்டாங்க."

அந்த முகத்தில் வருத்தத்தோடு கொஞ்சம் பெருமையும் இருக்கும். அவர் இருந்தால் வேறு, இல்லாவிட்டால் வேறு என்று ஒரு காலனியே சொல்லிக்கொண்டிருந்தது. சூளகிரி வரைக்கும் அவர் பேச்சு போயிருந்தது. நடுவில் ஊருக்குப் போனாரா என்றால், ஓரிரு தடவை பஸ் ஸ்டாண்டு வரை போனார். அங்கேயே யாராவது பார்த்து, "அண்ணே, நல்லவேளை" என்று அழைத்து வந்துவிடுவார்கள். பையில் கருப்பட்டி இளகி, சேலையில் ஒட்டிக்கொண்டது. வருஷங்கள் போயின.

மூலை வீட்டில் ஒரு டீச்சரம்மாவும் அவர் வீட்டுக்காரரும் இருந்தார்கள். சேலம் பக்கம். வீட்டுக்காரர் எங்கள் ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் பார்த்தார். அவர்களுக்கும் பிள்ளைகள் இல்லை. அந்த அம்மா ஒருத்திதான் வீடு பார்த்துக்கொள்ள வந்தவரிடம், "எதுக்குங்க தரையில படுக்கறீங்க, கட்டில் சும்மாதான கிடக்குது" என்று சொன்னவள். அவருக்கென்று தனியாக ஒரு டம்ளர் எடுத்து வைத்து, தாங்கள் இல்லாதபோது காப்பி போட்டுக் குடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டவள். கட்டிலில் அவர் படுக்கவில்லை. ஆனால் அந்த டம்ளரில் தண்ணீர் குடித்தார். வேறு எந்த வீட்டிலும் அதைக்கூடச் செய்ததில்லை.

டீச்சரம்மாவுக்குக் கோலம் வராது. தாமரை போடுவாள். ஒரு இதழ் மட்டும் எப்போதும் சின்னதாகப் போய்விடும். அவர் போடும்போது அந்த இதழையும் சின்னதாகவே போடுவார்.

ஒரு கோடை விடுமுறைக்கு இருவரும் சேலம் போனார்கள். சாவியை டீச்சரம்மா கொடுத்தாள். "வர்றப்ப உங்களைக் கையோட பேரிகை பஸ்ல ஏத்தி விடறதுதான் முதல் வேலை. இனிமே யாரு கேட்டாலும் நான் விட மாட்டேன்" என்று தெருவில் நின்று எல்லோரும் கேட்கச் சொன்னாள். அவர் பையைத் தட்டிக் காட்டி, "ரெடியா இருக்கறன்மா" என்றார்.

திரும்பி வரும்போது குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் பஸ்ஸும் லாரியும் மோதின. இரண்டு பேரும் அங்கேயே போய்விட்டார்கள். ஃபேக்டரிக்குப் போன் வந்தது. அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீதானப்பா கொண்டுவந்த ஆளு" என்றார் சூப்பர்வைசர். ஆபீஸிலிருந்து இரண்டு பேர் என்னோடு வந்தார்கள்.

வாசலில் தாமரை. கொடியில் சேலை. இரண்டு ஜோடிச் செருப்பு. உள்ளே ரேடியோவில் ஏதோ உழவர்களுக்கான நிகழ்ச்சி. கதவைத் தட்டினேன்.

"சார் குளிக்கறாரு. அம்மா கீரை ஆய்ஞ்சிட்டு இருக்காங்க. என்னா விஷயம்?"

"அண்ணே" என்றேன்.

"சொல்லுங்க சார். அம்மாகிட்ட சொல்லிடறன்."

என் வாழ்க்கையில் சிரிப்புக் காட்டாமல் எந்தக் கெட்ட செய்தியையும் நான் சொன்னதில்லை. அன்றைக்குக் காட்டச் சிரிப்பு இல்லை. கூட வந்தவர்களில் ஒருத்தர்தான் கதவைப் பார்த்துச் சொன்னார், பஸ் நம்பரோடு, இடத்தோடு.  உள்ளே ரேடியோ நின்றது. கதவைத் திறந்தார். எங்கள் மூன்று பேரையும் தாண்டித் தெருமுனையைப் பார்த்தார்.

"இன்னிக்கு வர்றதா சொல்லிட்டுப் போனாங்க" என்றார்.

மறுநாள் காலையில் அந்த வாசலில் தாமரை இருந்தது. பச்சைச் சாவு வீட்டு வாசலில் கோலம். பெண்கள் கத்தினார்கள். பக்கத்து வீட்டம்மா, அவருக்கு முதன்முதலில் சோறு போட்டவள், பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி அழித்தாள். நான் ஓடிப்போய், "என்னண்ணே இது" என்றேன்.

"அவங்க இல்லேன்னு திருட்டுப் பசங்களுக்குத் தெரிஞ்சிடக் கூடாதே சார்" என்றார். பைத்தியம் பிடித்தவர் குரல் இல்லை. எப்போதும் பேசுகிற குரல்தான். அதற்கடுத்த நாளும் போட்டார்.

காரியம் முடிந்து ஸ்டோர்ஸ்காரரின் தம்பி லாரியோடு வந்தார். சாவியைக் கேட்டார்.

"சாமானெல்லாம் எடுத்துக்கங்க சார். கதவு தெறந்துதான் இருக்குது. சாவிய மட்டும் கேக்காதீங்க."

"ஏன்?"

"அம்மா குடுத்தது."

தம்பி என்னைப் பார்த்தார். நான் என்னால் ஆன மட்டும் பேசினேன். குடுத்த கை, வாங்குற கை என்றெல்லாம் விளக்கினேன். அடித்துக்கொண்டு அழுகிற வீட்டில் நான் ஏதோ வேடிக்கை செய்கிறேன் என்று தம்பி நினைத்துவிட்டார். லாரி போனதும் வீட்டுச் சொந்தக்காரர் வேறு பூட்டு வாங்கிப் போட்டார். பழைய சாவி காவலிருந்தவர் அரைஞாண் கயிற்றில் அப்படியே இருந்தது. டம்ளரை மட்டும் யாரும் எடுத்துப் போகவில்லை. அவரும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருவர்கூட அவரைக் கூப்பிடவில்லை. வாய்வழியாக ஏறின பெயர் அதே வாய்வழியாக இறங்கியது. செத்தவர்கள் குளிக்கிறார்கள் என்று சொன்ன ஆள், அவர் கால் வைத்த வீடு விளங்காது என்றார்கள். அதற்குள் வாசலுக்கு வாசல் இரும்பு கிரில் கேட் வந்துவிட்டது. அந்தத் தீபாவளிக்கு அவர் வீடு வீடாகப் போய், "ஊருக்குப் போறீங்களா?" என்று கேட்டார். போகவில்லை என்று சொல்லிவிட்டு, அவர் தெரு தாண்டியதும் பெட்டியோடு கிளம்பினார்கள். நாங்களும்தான். என் மனைவிக்கு அப்போது வயிற்றில் பிள்ளை.

ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, "போறன் சார்" என்றார். "அங்க ஒரு வீடு கிடக்குதே. போங்கண்ணே" என்றேன். பெரிய யோசனை சொல்லிவிட்ட மாதிரி எனக்கு நிம்மதியாக இருந்தது. போகும்போது வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், பின்கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அப்புறம் சில வருஷம் கழித்து ஒரு மொபெட் வாங்கினேன். மாமனார் வீட்டுக்குப் புளி வேண்டும் என்று பேரிகைச் சந்தைக்குப் போனவன், அவர் ஊரை விசாரித்துக்கொண்டு போனேன். ஊர்க் கடைசியில் சின்ன ஓட்டு வீடு. வாசலில் ஒரு அம்மா தார்ப்பாயில் கேழ்வரகு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னேன். அவள் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பின்கதவு சாரா?"

"ஆமாம்மா."

"உக்காருங்க" என்றாள். எங்கே என்று காட்டவில்லை. நின்றேன்.

அவர் வந்திருக்கிறார். ஒரு மழைக்காலம் முழுக்க இருந்திருக்கிறார். "கதவு கிட்டப் பாய் போட்டுப் படுத்தாரு. கட்டில் அவரு அப்பா செஞ்சது, அதுல படுக்கல. தண்ணி குடிக்கணும்னா டம்ளர் எடுத்துக்கட்டுமான்னு என்னைக் கேக்கறாரு. யாராவது வந்தா, நான் முன்னாடியே நிக்கறன், அம்மா குளிக்கறாங்கங்கறாரு. வந்தவங்க சிரிக்கறாங்க. எனக்குச் சிரிக்கறதா என்னான்னு தெரியல."

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அவள் நிறுத்தவில்லை.

"காலைல எழுந்து கோலம் போடுவாரு. தாமரப்பூ. ஒரு எதழு சின்னதா இருக்கும். நான் தாமரையே போட மாட்டன் சார். யாரு போடற கோலம் இதுன்னு கேட்டன். சொல்லல. என் கோலம் எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரியல."

மழை விட்ட சமயத்தில் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அரைஞாணில் ஒரு சாவி இருந்ததாம். எந்த வீட்டுச் சாவி என்று தெரியவில்லை, அவரோடவே அனுப்பிவிட்டேன் என்றாள். பையில் கருப்பட்டியை எறும்பு தின்றிருந்தது. சேலை கறையாகிவிட்டது. சிமிழ் மட்டும் நன்றாக இருந்தது. அதைக் கொடுக்க எடுத்தவர், பொட்டு வைப்பதையே விட்டிருந்த அவள் நெற்றியைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையிலேயே போட்டுவிட்டாராம். இனிமேல் அது எனக்கெதற்கு என்றாள்.

 நான் எப்போதும் செய்வதையே செய்தேன். "எல்லாம் என் வீட்டுக் கதவு செஞ்ச வேலைம்மா. அன்னிக்குக் காத்து கொஞ்சம் பலமா அடிச்சிடுச்சு" என்று இளித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. குனிந்து கேழ்வரகைக் கையால் பரப்பினாள்.

"ரெண்டு நாள்ல திரும்பி வந்துடற ஆளு சார் அது. கதவு சாத்தத் தெரியாத ஆளு நீங்க எதுக்கு ஊருக்குப் போனீங்க?"